கும்பகோணத்து இராமானுஜனும் உளநூலாரும்

கும்பகோணத்தில் சாரங்கபாணி கோயிலின் சந்நிதித் தெருவில் ஒரு சிறிய ஓட்டு வீடு இருக்கின்றது. கணித மேதை சீனிவாச இராமானுஜன் வளர்ந்த வீடு அது. கல்லூரியில் உளநூல் கற்பித்து வந்த நாட்களில், வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் என் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வது என் வழக்கம். அந்தத் திண்ணையருகே நின்று அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் கணிதத்தைப் பற்றியதாக இராது. "ஐயா, அவர் எப்படிப்பட்ட மனிதர்?" என்றுதான் கேட்பார்கள்.

கேட்பதற்கு எளிய கேள்வி. ஆனால் விடை சொல்லத் தொடங்கினால் உளநூலின் ஒரு பெரும்பகுதியையே கடந்து வரவேண்டியிருக்கும். இன்று அந்தக் கேள்வியைத்தான் நாம் எடுத்துக்கொள்ளப் போகின்றோம். அதற்கு இராமானுஜனின் வாழ்க்கையிலிருந்தே ஒரு நிகழ்ச்சியை முன்வைத்துக்கொள்வோம்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்தார். சைவ உணவைத் தவிர வேறொன்றையும் தொடாதவராகையால் தம் அறையிலேயே சமைத்து உண்டுவந்தார். ஒருநாள் இந்திய நண்பர் ஒருவரையும், அந்நண்பர் மணக்க இருந்த பெண்ணையும், மற்றொரு மாதையும் விருந்துக்கு அழைத்து, தாமே சமைத்துத் தாமே பரிமாறினார். இருமுறை பரிமாறியாயிற்று. மூன்றாம் முறை கொண்டுவந்தபோது பெண்கள் போதும் என்று மறுத்துவிட்டார்கள். பேச்சுத் தொடர்ந்தது. சற்று நேரம் சென்று பார்த்தால் விருந்தளித்தவரைக் காணோம்! நண்பர் தேடினார், காத்திருந்தார், பயனில்லை. சில நாட்களுக்குப் பின் ஆக்ஸ்போர்டிலிருந்து ஒரு தந்தி வந்தது. ஐந்து பவுன் அனுப்பும்படி இராமானுஜன் கேட்டிருந்தார். திரும்பி வந்தபின், தாம் பரிமாறியதை ஏற்க மறுத்தது தம் மனத்தைப் புண்படுத்திவிட்டது என்று காரணம் சொன்னார். ராபர்ட் கனிகல் 1991இல் வெளியிட்ட இராமானுஜன் வரலாற்றில் இச்செய்தி காணப்படுகின்றது.

மனிதர் ஏன் எழுந்து போனார்? ஒரு திண்ணையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தால் ஆறு விடைகள் வரும். உளநூலாரிடம் சென்றாலும் அப்படித்தான். ஆனால் அவர்களுடைய ஆறு விடைகளும் ஒரு முறைமையோடு வரும். ஒவ்வொருவரும் காரணத்தை ஒவ்வோர் இடத்தில் தேடுவார்கள். அந்த இடங்களைத் தெரிந்துகொண்டால் ஆளுமைக் கொள்கைகளின் முக்கிய வேறுபாடுகளை ஒருவாறு தெரிந்துகொண்டவர்களாவோம்.

மிகப் பழைய விடை உடம்பைக் காட்டுகின்றது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த கேலன் என்னும் கிரேக்க மருத்துவர், இரத்தம், கோழை, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கு நீர்களின் ஏற்றத்தாழ்வே மனிதரின் இயல்பை அமைக்கின்றது என்று கருதினார். நம் சித்த மருத்துவம் வளி, அழல், ஐயம் என்று மூன்றைச் சொல்லும். தஞ்சைச் சரசுவதி மகாலில் இரண்டாம் சரபோசி மன்னர் காலத்து மருத்துவச் சுவடிகள் பல இருக்கின்றன. அவற்றைத் திறக்காமலே நம் ஊர்ப் பாட்டிமார் "அது பித்த உடம்பு, சட்டென்று கொதித்துப் போகும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். கீதை சாத்துவிகம், இராசசம், தாமசம் என்று குணங்களை மூன்றாக்கியது. அக்குணங்களை அளப்பதற்கு இக்காலத்தில் வினாத்தாள்களும் ஆக்கியிருக்கிறார்கள். இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. எனினும், பிறவியிலேயே வரும் ஓர் இயல்பு உண்டு என்னும் கருத்தை இக்கால ஆராய்ச்சி மறுக்கவில்லை. இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், மக்களிடையே காணும் பண்பு வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபுவழி வருவது என்றே கணக்கிட்டிருக்கிறார்கள். மாறியது காரணம், பித்தத்தின் இடத்தில் மரபணு வந்து உட்கார்ந்திருக்கின்றது.

வியன்னா நகரத்துச் சிக்மண்டு பிராய்டைக் கேட்டால், உடம்பை விட்டுக் குழந்தைப் பருவத்துக்குப் போவார். நாம் அறியாத நனவிலி மனம் ஒன்று நம்முள் இயங்குகின்றது, அங்கே புதைந்த ஆசைகளும் அச்சங்களும் வேறு வேடமிட்டு வெளியே வருகின்றன என்பது அவர் கொள்கை. 1923இல் அவர் மனத்தை மூன்றாகப் பிரித்தார்: இன்பத்தையே நாடும் உந்தல், உலகத்தோடு ஒத்துப்போக முயலும் தன்முனைப்பு, பெற்றோரின் குரலாக உள்ளிருந்து அதட்டும் மேல்மனம். பிராய்டின் கண்ணுக்கு ஆக்ஸ்போர்டுத் தந்தி முக்கியமன்று, கும்பகோணத்து அடுக்களைதான் முக்கியம். இராமானுஜன் தலைமகன். அவருக்கு அடுத்துப் பிறந்த குழந்தைகள் சிலர் சிசுப் பருவத்திலேயே இறந்துபோயினர். அவரோ இரண்டு வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவர். தாய் கோமளத்தம்மாள் மனவுறுதி மிக்கவர், தெய்வபக்தி உடையவர். இப்படி ஒரே மகனாக நெடுநாள் நின்ற பிள்ளைக்குச் சோறு என்பது வெறும் சோறாக இருந்திருக்குமா? அன்னை ஊட்டிய அன்பைத் தான் பிறருக்கு ஊட்டும்போது அது மறுக்கப்பட்டால் எப்படித் தாங்குவார்?

இது நான் விளையாட்டாகப் புனைந்த விளக்கமே. ஆனால் இவ்வழியில் உண்மையாகவே ஆராய்ந்த அறிஞர் ஒருவர் உண்டு. உளநூற்பயிற்சி பெற்ற சமூகவியலறிஞர் ஆஷிஸ் நந்தி, 1980இல் வெளியிட்ட தம் நூலில் சகதீச சந்திர போசையும் இராமானுஜனையும் அருகருகே வைத்து, அவர்கள் மனவாழ்வை ஆராய்ந்தார். நம் நாட்டுக்கு இத்துறை புதியதன்று. கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் 1922இலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவி, பிராய்டோடு பல்லாண்டு கடிதம் எழுதி, சில இடங்களில் அவரை மறுக்கவும் துணிந்தார். பிராய்டின் விளக்கங்கள் கதைபோல் சுவையானவை. அச்சுவையே எனக்கு அவற்றின்மேல் ஐயத்தையும் எழுப்புகின்றது. விருந்தினர் நான்காம் முறையும் வாங்கி உண்டு, இராமானுஜன் மகிழ்ந்து பாடியிருந்தாலும், அதே தாயைக் கொண்டே அதையும் விளக்கியிருக்கலாம் அல்லவா? எது நடந்தாலும் பொருந்தும் விளக்கத்தைச் சோதிப்பது எவ்வாறு?

பிராய்டின் குழுவிலிருந்து 1911இல் பிரிந்துசென்ற ஆல்பிரட் ஆட்லர், இவ்வளவு ஆழம் தோண்டமாட்டார். 'தாழ்வு மனப்பான்மை' என்று நாம் அன்றாடம் வழங்கும் தொடர் அவர் கொள்கை வழியாக வந்ததுதான். குழந்தையாக இருக்கும்போது எல்லாரும் சிறுமையை உணர்கின்றோம், அச்சிறுமையை வெல்ல முயலும் முயற்சியே ஒருவனின் வாழ்க்கைப் பாணியாகிவிடுகின்றது என்பார் அவர். இராமானுஜன் வரலாற்றில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை. சிறுவயதில் ஒரு தேர்வில் கணக்கில் தோழன் ஒருவன் ஒரு மதிப்பெண் கூடுதலாகப் பெற்றுவிட, அந்தச் சிறுவர் அழுது, தோழனோடு பேசாமல் இருந்தாராம். 1904இல் டவுன் உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பரிசு பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் அத்தொகையை இழந்தார். 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தோற்றார். மனம் புண்பட்டபோது ஊரைவிட்டுப் போய்விடுவது கேம்பிரிட்ஜில் புதிதாக வந்த வழக்கமன்று என்பது இதனால் தெரிகின்றதல்லவா?

சுவிட்சர்லாந்து நாட்டுக் கார்ல் யுங் 1921இல் மனித வகைகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதினார். மன ஆற்றல் உள்நோக்கிச் செல்வோர் அகமுகர், வெளிநோக்கிச் செல்வோர் புறமுகர் என்னும் பிரிவு அதில் வருகின்றது. சிலேட்டும் பலப்பமுமாகத் திண்ணையில் உலகை மறந்து அமர்ந்திருந்தவரை அகமுகர் என்று சொல்லிவிட எல்லாரும் முந்துவோம். ஆனால் அவரோடு பழகிய பேராசிரியர் ஹார்டி, தேநீர் அருந்திக்கொண்டு அரசியலையும் கணிதத்தையும் கலந்து பேசக்கூடிய மனிதராகவே அவரை நினைவுகூர்கின்றார். மேலும், இராமானுஜனின் சமயம் ஒழுக்கத்தளவில் நின்றதே என்பது ஹார்டியின் கருத்து. இந்திய நண்பர்களோ, நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து வாய்பாடுகளை அருளியதாக அவரே சொன்னார் என்பார்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1967இல் அத்தகைய நினைவுகள் பலவற்றைத் தொகுத்து வெளியிட்டார். இருவகைச் சாட்சிகளும் பொய் சொல்லவில்லை என்றே நான் நினைக்கின்றேன். ஒரே மனிதர் இருவருக்கும் இரண்டு முகங்களைக் காட்டியிருக்கிறார்.

முகம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. ஆங்கிலத்தில் ஆளுமைக்கு வழங்கும் சொல், நாடகத்தில் அணியும் முகமூடியைக் குறித்த 'பெர்சோனா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. யுங்கும் நாம் உலகுக்குக் காட்டும் முகத்துக்கு அப்பெயரையே வைத்தார். தஞ்சைக்கு அருகே மெலட்டூரில் ஆண்டுதோறும் நரசிம்ம சயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். பிரகலாத சரித்திரத்தில் நரசிம்ம முகமூடியை அணிந்தவர் தம்மை மறந்து ஆவேசம் கொள்வார். அருகிலுள்ளோர் அவரைப் பிடித்து நிறுத்தவேண்டியிருக்கும். முகமூடி மனிதரை மறைக்கின்றதா, மனிதரை ஆக்குகின்றதா? இங்கிலாந்துக்குப் புறப்படுமுன் இராமானுஜனின் குடுமி எடுக்கப்பட்டது. கால்சட்டையும் காலணியும் வந்தன. அந்தப் புது முகம் அவருக்குக் கடைசிவரை பொருந்தவில்லை.

இதுவரை சொன்னவர்கள் ஆழத்தைத் தேடியவர்கள். அமெரிக்க அறிஞர் கார்டன் ஆல்போர்ட் அகராதியைத் தேடினார். மக்கள் பல தலைமுறையாக ஒருவரையொருவர் கவனித்துக் கண்ட பண்புகளெல்லாம் மொழியில் சொற்களாகப் படிந்திருக்கும் என்பது அவர் எண்ணம். 1936இல் அவரும் ஆட்பர்ட் என்பவரும் ஆங்கில அகராதி ஒன்றைச் சலித்து, மனித இயல்பைக் குறிக்கும் சொற்கள் 17,953 என்று எண்ணினார்கள். பின்வந்தோர் அவற்றைக் கணித முறையால் சுருக்கிச் சுருக்கி ஐந்து பெரும்பண்புகளில் கொண்டுவந்து நிறுத்தினர். புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்ச்சி, புறமுகத்தன்மை, இணக்கம், மனக்கலக்கத்துக்கு ஆளாகும் இயல்பு என்பவை அவை. இன்று உலகெங்கும் ஆராய்ச்சியாளர் மிகுதியாகக் கையாளும் அளவுகோல் இதுவே.

எனக்கு இவ்விடத்தில் ஓர் ஆசை உண்டு. இதே வேலையை நம் பேச்சுத் தமிழில் யாரேனும் தஞ்சை மாவட்டத்துச் சந்தைகளிலும் களத்துமேடுகளிலும் இருந்து செய்து பார்க்கவேண்டும். இராமானுஜன் எழுந்து போனதைக் கேட்ட நம்மூர்க்காரர் எவரும் "மனுஷனுக்கு ரோஷம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். ரோஷம் என்பது வடமொழியில் சினம். தமிழில் அது வெறும் சினமன்று. தன்மதிப்பு அடிபடும்போது பிறக்கும் வலி அது, ஓரளவு போற்றத்தக்கதும்கூட. 'ரோஷம் கெட்டவன்' என்பது வசைதானே! மேற்சொன்ன ஐந்தில் இதை எந்தப் பெட்டியில் போடுவது? மனக்கலக்கத்திலா, இணக்கக் குறைவிலா? இரண்டில் எதில் போட்டாலும் அதன் பெருமை போய்விடுகின்றது. வீம்பு, சங்கோசம், பெருந்தன்மை என்று இன்னும் எத்தனையோ சொற்கள் காத்துக்கிடக்கின்றன.

பொறுப்புணர்ச்சி என்னும் பண்பையும் சற்று நின்று பார்ப்போம். மாணவருக்கு இதைவிட நெருக்கமானது வேறில்லை; கல்வியில் வெற்றியோடு நன்கு தொடர்புடைய பண்பு இதுவே என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பதினெட்டு வயது இராமானுஜனுக்கு அவருடைய ஆசிரியர்கள் இதில் என்ன மதிப்பெண் கொடுத்திருப்பார்கள்? ஆங்கிலத்தில் தேறவில்லை, உடலியலில் தேறவில்லை, வகுப்பில் கவனமில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேடுகளில் பதிந்துகொண்டிருந்தார். மூன்று குறிப்பேடுகளிலும் உள்ள முடிவுகள் மூவாயிரத்துக்கு மேல். பொறுப்பு இல்லாதவர் செய்கின்ற வேலையா அது?

இந்த முரண்பாட்டைத்தான் வால்டர் மிஷெல் 1968இல் எடுத்துக்காட்டிப் பெரிய விவாதத்தைக் கிளப்பினார். ஒரு சூழலில் கண்ட பண்பை வைத்து மற்றொரு சூழலில் ஒருவர் நடந்துகொள்வதை நாம் நினைக்கும் அளவுக்குக் கணிக்க முடியாது என்றார் அவர். இதற்கு முன்பே 1928இல் ஹார்ட்ஷார்ன், மே என்னும் இருவர் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் நேர்மையைச் சோதித்திருந்தார்கள். தேர்வில் ஏமாற்றிய பிள்ளை விளையாட்டிலோ பணத்திலோ ஏமாற்றும் என்று சொல்ல முடியவில்லை. பழக்கத்தைப் பரிசும் தண்டனையுமே ஆக்குகின்றன என்ற ஸ்கின்னர் முதலிய நடத்தையியலாரும் இந்தப் பக்கத்தவரே. அவர்களுக்கு ஆளுமை என்ற சொல்லே தேவையில்லை. மிஷெல் அவ்வளவு தூரம் போகவில்லை. 'இது நேர்ந்தால் இவர் இப்படிச் செய்வார்' என்னும் கோவையே ஒருவரின் ஆளுமை என்று பின்னர் எழுதினார். இராமானுஜன் நாள்தோறும் ரோஷக்காரராக இருக்கவில்லை. தம் உழைப்பு மறுக்கப்படுவதாகத் தோன்றியபோது மட்டும் மறைந்துபோனார். பல நாள் நடத்தையைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் பண்புகளும் தெளிவாகவே தெரிகின்றன என்று எதிர்க்கட்சியாரும் பின்னர் நிறுவிவிட்டனர். ஆகவே வழக்கு ஒருவாறு சமரசமாயிற்று.

ஆபிரகாம் மாஸ்லோவைப் பற்றி ஒரு சொல். 1943இல் அவர் மனிதத் தேவைகளைப் படிகளாக அடுக்கினார். பசி தீர்ந்தபின் பாதுகாப்பு, பின்பு அன்பு, பின்பு மதிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே தன் திறனை நிறைவேற்றிக்கொள்ளுதல். இப்படிக்கட்டு இன்றும் எல்லாப் பாடநூலிலும் இருக்கின்றது. மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் கணக்கராகச் சேரும் வரை இராமானுஜன் வறுமையில் தாள் வாங்கவும் வழியின்றி இருந்தார். கீழ்ப்படிகள் பலவற்றில் கால் வைக்காமலே மேற்படியில் நின்ற மனிதர் அவர். மாஸ்லோ இத்தகைய விலக்குகள் உண்டென்று தாமே ஒப்புக்கொண்டிருந்தார். பாடநூல் எழுதியவர்கள்தாம் அதை விட்டுவிட்டார்கள்.

மண்ணும் ஆளுமையை ஆக்குமா என்று நெல்விளையும் ஊர்க்காரர்களாகிய நாம் கேட்கலாம். தாமஸ் டால்ஹெம் என்பவர் 2014இல் சீன மாணவரை ஆராய்ந்து, நெல் பயிரிடும் பகுதியினர் கூடிவாழும் மனப்பாங்கிலும், கோதுமைப் பகுதியினர் தனித்து நிற்கும் மனப்பாங்கிலும் மிகுந்திருப்பதாகக் கண்டார். நெல்லுக்கு நீர் வேண்டும், நீருக்கு அயலாரின் இசைவு வேண்டும் என்பது அவர் வாதம். காவிரிக் கரையில் வளர்ந்தவனுக்கு இது உடனே பிடித்துப்போகும். ஆயினும், நம் வயல்களில் சேற்றில் குனிந்து நட்டவர்களும் கணக்கேட்டைப் பார்த்து நெல் அளந்து வாங்கியவர்களும் வெவ்வேறு மக்கள். இருவருக்கும் ஒரே மனப்பாங்கு வந்திருக்கும் என்று என்னால் ஒப்ப முடியவில்லை. அயலாரோடு இசைந்து வாங்கும் அதே நீருக்காக இரவில் தடியோடு காவல் இருந்ததையும் நான் அறிவேன்.

அதை அறிந்துகொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், தண்ணீர் குறைந்த ஓர் ஆண்டில், என் வகுப்பில் ஒரு மாணவன் நாள்தோறும் தூங்கினான். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடை ஊர் ஒன்றிலிருந்து முதற்பேருந்தில் வருபவன். இரண்டு முறை எழுப்பினேன். மூன்றாம் முறை வகுப்பறிய ஏசினேன். பருவ இறுதியில் மாணவர் இயல்பைக் குறிக்கும் ஏட்டில் அவன் பெயருக்கு நேரே 'சோம்பல் மிக்கவன். ஊக்கமில்லை' என்று எழுதினேன். ஆளுமைக் கொள்கைகளைப் பாடம் நடத்தும் ஆசிரியர் எழுதிய எழுத்து அல்லவா, எவரும் ஐயப்படவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் அவனுடைய சிற்றப்பா கட்டணம் செலுத்த வந்தார். "ஐயா கோவிச்சுக்கக் கூடாது. அவங்க அப்பா படுத்த படுக்கையா இருக்காரு. முறைத் தண்ணி ராத்திரியிலதான் எங்க வாய்க்காலுக்கு வருது. மடையில இவன்தான் ஐயா நிக்கிறான்" என்றார். சம்பா நாற்று நட்டதிலிருந்து அவன் பாதி இரவுகளை வயலில் கழித்திருக்கிறான். பிறர் செயலுக்கு அவர்களுடைய குணத்தையே காரணமாகக் கண்டு, சூழலைக் காணாமல் விடும் இந்தப் பிழைக்கு லீ ராஸ் என்பவர் 1977இல் ஒரு பெயரே வைத்திருக்கிறார். அந்த வாரம்தான் அதைக் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியிருந்தேன். அவன் கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அலுவலகத்தில் கேட்டு அந்த ஏட்டை வாங்கினேன். எழுதியதை அடித்துத் திருத்த விதியில்லை என்றார்கள். அந்த வரிக்குக் கீழே 'இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சுபவன்' என்று எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டேன். மறுநாள் முதல் அவன் தூங்கினால் எழுப்பவில்லை; மாலையில் ஒருமணி நேரம் தனியே பாடம் சொன்னேன். அவன் என்னிடம் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தை மாதம் அறுவடை முடிந்தபின் ஒரு நாள் காலையில் என் வீட்டுத் திண்ணையில் ஒரு மரக்கால் புது நெல்லை வைத்துவிட்டு, கதவைத் தட்டாமலே போய்விட்டிருந்தான்.